சரத்தின் இறுதியில் நிற்கும் வேண்டாக் குறிகள்

அச்சிட்ட தாளில் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கேட்டால், படிக்கத் தெரிந்த எவரும் தயக்கமின்றிச் சுட்டிக் காட்டுவர். சொல்லுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் நம் கண்ணுக்கு ஒன்றுமில்லாத இடமே. கணிப்பொறிக்கோ அங்ஙனமன்று. இடைவெளிக்கும் அதன் கணக்கில் ஓர் எண் உண்டு. வரி முடிந்தது என்பதைக் காட்டும் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆதலின், நமக்கு ஒன்றாகவே தோன்றும் இரு பெயர்கள் கணிப்பொறியின் கணக்கில் வெவ்வேறு பெயர்களாகிவிடுவதுண்டு.

உதாரணமாக, கல்வி உதவித்தொகைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவர்களின் பட்டியல் ஓர் அலுவலகத்தில் உள்ளது எனக் கொள்வோம். அவர்களுடைய வங்கிக் கணக்குப் பட்டியல் வேறோர் அலுவலகத்திலிருந்து வருகிறது. இரு பட்டியல்களையும் பதிவெண்ணைக் கொண்டு ஒப்பிட்டு, பொருந்தியவர்க்கெல்லாம் பணம் அனுப்புமாறு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாணவியின் பதிவெண் முதற் பட்டியலில் 4172 என்று உள்ளது. இரண்டாவது பட்டியலிலும் 4172 என்றே உள்ளது. ஆனால் அதனை அடுத்து ஓர் இடைவெளியும் சேர்ந்திருக்கிறது. திரையிலோ தாளிலோ வேறுபாடு ஒன்றும் புலப்படாது. எனினும் நான்கு குறிகள் கொண்ட சரமும் ஐந்து குறிகள் கொண்ட சரமும் சமம் ஆகா. மாணவிக்குப் பணம் போய்ச் சேராது. அவள் வந்து காரணம் வினவினால், எழுத்தர் இரு பட்டியல்களையும் புரட்டிப் பார்த்து, இரண்டிலும் பதிவெண் சரியாகவே இருக்கிறது என்று உண்மையாகவே விடை கூறுவார்.

கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய குறிகள் சரத்தின் இறுதியில் எவ்வாறு வந்து சேர்கின்றன, அவற்றை நீக்குவது எப்படி, நீக்கும்போது நேரும் பிழைகள் யாவை, எவ்விடத்து நீக்கலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையே காண்போம்.

சரம் என்பது யாது?

வரிசையாக அடுக்கிய சிறு பெட்டிகளை மனத்தில் எண்ணிக்கொள்க. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குறியெண் உள்ளது. இப்பெட்டி வரிசையே எழுத்துச் சரம். எந்தக் குறிக்கு எந்த எண் என்பது உடன்பாட்டினால் வகுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறையில் இடைவெளிக்கு 32, தத்தல் குறிக்கு 9, வரி இறக்கத்துக்கு 10, அச்சுவண்டி திரும்புதலுக்கு 13 என எண்கள் அமைந்தன. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோட் முறையிலும் இவ்வெண்கள் மாறவில்லை.

மேற்கூறிய மாணவியின் பதிவெண் முதற் பட்டியலில் 52, 49, 55, 50 என நான்கு பெட்டிகளாக உள்ளது. இரண்டாவது பட்டியலில் 52, 49, 55, 50, 32 என ஐந்து பெட்டிகளாக உள்ளது. எண்களாக எழுதிப் பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு விளங்கிவிடுகிறது. இத்துறையில் ஐயம் எழும்போதெல்லாம் சரத்தைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், அதன் நீளத்தையும் குறியெண்களையும் அச்சிட்டுப் பார்ப்பதே முதற் பாடம் ஆகும்.

வேண்டாக் குறிகள் வரும் வழிகள்

இவை மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது, நிலையான அகலம். 1928ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட துளையட்டையில் 80 நிரைகள் இருந்தன. பெயருக்கு 20 நிரைகள் என்று ஒதுக்கினால், ஏழு எழுத்துப் பெயருக்குப் பின் 13 நிரைகள் வெறுமையாக நிற்கும். அட்டைகள் மறைந்தன, வழக்கம் மறையவில்லை. கோபோல், ஃபோர்ட்ரான் ஆகிய நிரல்மொழிகளிலும், தரவுத்தளங்களில் நிலையான நீளமுடைய புலங்களிலும், எஞ்சிய இடம் இன்றும் இடைவெளிகளால் நிரப்பப்படுகிறது.

இரண்டாவது, வரியின் முடிவு. பழைய தொலையச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். அச்சுவண்டி இடப்புறம் திரும்புதல் ஒன்று. தாள் ஒரு வரி மேலேறுதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் ஏற்பட்டன. யுனிக்ஸ் முறையினர் 10 என்னும் குறி ஒன்றே போதும் எனக் கொண்டனர். டாஸ், விண்டோஸ் முறைகளில் 13, 10 என இரண்டும் சேர்ந்தே வரி முடிவைக் காட்டும். பழைய மெக்கின்டாஷ் பொறிகளில் 13 மட்டும் வழங்கியது. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் படித்து, 10ஐ மட்டும் நீக்கினால், ஒவ்வொரு வரியின் இறுதியிலும் 13 எஞ்சி நிற்கும். அதனைத் திரையில் அச்சிட்டால் குறிமுள் வரியின் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். அடுத்து வரும் எழுத்துக்கள் முன்னவற்றின்மேல் படிந்து அவற்றை அழித்துவிடும். திரையில் இவ்வாறு கண்டால் காரணம் இதுவே எனப் பெரும்பாலும் துணியலாம்.

மூன்றாவது, மனிதர் கை. விசைப்பலகையில் தட்டும்போது வழக்கத்தினால் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுகிறோம். இணையப் பக்கத்திலிருந்து படி எடுத்து ஒட்டும்போதோ, 160 என்னும் எண்ணுடைய பிரியா இடைவெளியும், 8203 என்னும் எண்ணுடைய அகலமே இல்லாத இடைவெளியும் உடன் வந்துவிடுகின்றன. முன்னது சாதாரண இடைவெளியைப் போலவே தோன்றும். பின்னது தோன்றவே தோன்றாது.

நீக்கும் முறை

அடிப்படை முறை எளியது. இதனைச் சொற்களிலேயே எழுதிக் காட்டலாம்.

1. சரத்தின் நீளத்தை 'இறுதி' எனக் குறித்துக்கொள்க.
2. இறுதி 0 ஆனால், ஐந்தாம் படிக்குச் செல்க.
3. இறுதியாம் பெட்டியைப் பார்க்க. அதில் உள்ளது வேண்டாக் குறி அன்றெனின், ஐந்தாம் படிக்குச் செல்க.
4. இறுதியில் 1ஐக் கழித்து, மீண்டும் இரண்டாம் படிக்குச் செல்க.
5. முதற் பெட்டி தொடங்கி இறுதி வரையில் உள்ளவற்றை மட்டும் விடையாகக் கொள்க.

இங்கே கவனிக்கற்பாலது, இரண்டாம் படி மூன்றாம் படிக்கு முன்னர் நிற்பதாகும். சரம் முழுவதும் இடைவெளிகளாகவே இருந்தாலும், அன்றிச் சரத்தில் ஒன்றுமே இல்லாவிடினும், 'இறுதி' 0 ஆகிவிடும். அப்போது பார்ப்பதற்குப் பெட்டி இல்லை. இவ்வினாவை முதலில் எழுப்பாத நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியில் கை வைக்கும்.

சி மொழியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அம்மொழியில் 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு ஒரு வரியைப் படித்து, வரிமுடிவுக் குறியைத் தானே நீக்கித் தந்தது. ஆனால் எத்தனை எழுத்துக்களுக்கு இடம் உள்ளது என்று அது கேட்பதில்லை. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்னும் நிரல், பல பொறிகளுக்குள் புகுவதற்கு இக்குறையையும் ஒரு வாயிலாகக் கொண்டது. 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரநிலையிலிருந்து அச்செயற்கூறு விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் பயன்படும் 'எஃப்கெட்ஸ்' இடத்தின் அளவைக் கேட்டே படிக்கிறது. ஆயினும் வரிமுடிவுக் குறியை அப்படியே விட்டுவைக்கிறது. ஆகவே அதனை நீக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவரைச் சார்ந்தது.

பலர் அதனைச் செய்யும் விதம், நீளத்தில் 1ஐக் கழித்து அந்த இடத்தில் சரமுடிவுக் குறியை இடுவதாகும். இதில் இரு பிழைகள் உள. கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுடிவுக் குறி இல்லாமலும் இருக்கலாம். வரி மிக நீண்டதாயின் இடையிலேயே வெட்டப்பட்டும் வரலாம். அப்போது வெட்டுண்பது வேண்டாக் குறி அன்று, உண்மையான எழுத்து. மேலும், நீளம் 0 ஆயின், சரத்துக்கு வெளியே எழுத நேரும். நீக்குவதற்கு முன் நீக்கற்குரியது அங்கே உளதா என்று பார்க்க வேண்டும் என்பதே இதன் கருத்து. பெர்ல் மொழியில் 'சாப்' என்னும் கட்டளை எதையும் பாராமல் கடைசிக் குறியை வெட்டும். 'சாம்ப்' என்னும் கட்டளையோ வரிமுடிவுக் குறி இருந்தால் மட்டுமே வெட்டும். ஒரே மொழியில் இரண்டும் இருப்பது இவ்வேறுபாட்டின் முதன்மையை நன்கு காட்டுகிறது.

தொகுதியும் விகுதியும்

அநுபவமுள்ளோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. நீக்க வேண்டியது குறிகளின் தொகுதியா, அன்றி ஒரு குறிப்பிட்ட விகுதியா என்பதே அது. தொகுதி என்றால், அதில் அடங்கிய எந்தக் குறியும், எந்த வரிசையிலும், எத்தனை முறை வந்தாலும் நீக்கப்படும். விகுதி என்றால், அக்குறிகள் அதே வரிசையில் இறுதியில் நிற்குமாயின் ஒரே ஒருமுறை நீக்கப்படும்.

பைத்தான் மொழியில் 'ஆர்ஸ்டிரிப்' என்னும் செயற்கூறு தன்னிடம் தரப்படுவதைத் தொகுதியாகவே கொள்கிறது. ஊர்ப்பெயர்ப் பட்டியலில் 'நகர்' என்னும் விகுதியை நீக்க இதனை ஏவினால் நிகழ்வதைக் காண்க. தொகுதியில் ந, க, ர, புள்ளி ஆகிய நான்கு குறிகள் உள்ளன.

காந்திநகர் என்பது காந்தி ஆகும்.
ஸ்ரீநகர் என்பது ஸ்ரீ ஆகும்.
ஜாம்நகர் என்பது ஜாம ஆகும்.
அசோக்நகர் என்பது அசோ ஆகும்.

முதல் இரண்டும் சரியாக அமைந்தன. மூன்றாவதில், 'நகர்' நீங்கிய பின் மகரத்தின் மேல் இருந்த புள்ளியும் தொகுதியைச் சேர்ந்ததாகையால் அதுவும் போயிற்று. நான்காவதில் புள்ளியோடு ககரமும் போயிற்று. முதல் இரண்டு பெயர்களை மட்டும் சோதித்துப் பார்த்தவர் நிரல் பிழையற்றது என்றே கருதியிருப்பார். இப்பிழையின் கொடுமை இதுவே: பெரும்பாலான பெயர்களில் அது வெளிப்படாது. இக்குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, 2020இல் வெளிவந்த பைத்தான் 3.9 பதிப்பில், விகுதியை மட்டும் நீக்கும் 'ரிமூவ்சஃபிக்ஸ்' என்னும் தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது.

பணத் தொகையிலும் இத்தவறு நேரும். 100.00 என்னும் சரத்தில் தேவையற்ற சுன்னங்களையும் புள்ளியையும் நீக்க விரும்பி, இரண்டையும் ஒரே தொகுதியாகக் கொடுத்தால் எஞ்சுவது 1 மட்டுமே. நூறு ரூபாய் ஒரு ரூபாய் ஆகிவிடும். சரியான முறை பின்வருமாறு: சரத்தில் பதின்மப் புள்ளி உளதா என்று முதலில் பார்க்க, இல்லையேல் ஒன்றும் செய்யற்க, உளதேல் இறுதியில் உள்ள சுன்னங்களை நீக்குக, அதன்பின் இறுதியில் புள்ளி நிற்குமாயின் அதனை மட்டும் நீக்குக. முதற் சோதனையை விட்டுவிட்டால், புள்ளியே இல்லாத 100 என்பதும் 1 ஆகிவிடும்.

தமிழ்ச் சரங்களில் மிகுந்த கவனம் தேவை

யூனிகோட் முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நாம் ஓர் எழுத்தாகக் கருதும் உயிர்மெய், பெரும்பாலும் இரண்டு குறியெண்களால் ஆனது. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு மூன்று எழுத்துக்கள். கணிப்பொறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் இதுவே 15 பைட்டுகள் ஆகும். எனவே 'கடைசிக் குறியை நீக்குக' என்றால் புள்ளி மட்டும் நீங்கும். 'கடைசிப் பைட்டை நீக்குக' என்றாலோ புள்ளியே சிதைந்து, படிக்கவொண்ணாத சரம் எஞ்சும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை 3019 என்னும் ஒரே எண்ணாகவும் எழுதலாம். 3015, 3006 என்னும் இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கடைசிக் குறியை நீக்கினால் முன்னது 'க' ஆகும். பின்னது 'கே' ஆகும். ஆதலின் தமிழ்ச் சரங்களைக் கையாளும் முன், அவற்றை யூனிகோட் வகுத்துள்ள இயல்பாக்க முறையால் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல் நலம்.

இதை எழுதுபவனுக்கு நேர்ந்த ஓர் அநுபவத்தை இங்குக் கூறுவது பொருந்தும். கலைச்சொற் பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் அரைப்புள்ளி இருந்தது. அவற்றை நீக்குவதற்காக, ஒவ்வொரு வரியிலும் கடைசிக் குறியை வெட்டுமாறு நானே கட்டளை அமைத்தேன். சில வரிகளில் அரைப்புள்ளியைத் தட்டச்சிடவே மறந்திருந்தோம் என்பதை நான் அறியவில்லை. அவ்வரிகளில் 'விசை' என்பது 'விச' ஆயிற்று. 'அலகு' என்பது 'அலக' ஆயிற்று. 'மின்னழுத்தம்' என்பது தன் புள்ளியை இழந்தது. மெய்ப்புத் திருத்தும்போது இவை கண்ணில் பட்டன. எத்தனை சொற்கள் சிதைந்தன என்பதைத் தெரிந்துகொள்வதற்குப் பட்டியல் முழுவதையும் மூலத்தோடு வைத்து ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட நேர்ந்தது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தமையால் மட்டுமே அது இயன்றது.

விரைவும் ஒரு பொருட்டே

மேலே கூறிய முறை வலப்புறமிருந்து நடப்பதால், நீக்க வேண்டிய குறிகளை மட்டும் பார்த்து, முதல் நல்ல குறியைக் கண்டதும் நின்றுவிடும். ஆனால் 'ஒன்றோ பலவோ இடைவெளிகள். அவற்றின்பின் சரத்தின் முடிவு' என்று ஒரு பொதுவடிவத்தை எழுதி, அதனைத் தேடுமாறு ஏவும் வழக்கமும் உண்டு. தேடும் பொறி சாதாரணமாக இடப்புறமிருந்து நடக்கும். சரத்தின் நடுவில் நீண்ட இடைவெளித் தொடர் இருந்தால், அதன் முதற் குறியில் தொடங்கி இறுதி வரை நடந்து, அங்கே சரம் முடியாமை கண்டு திரும்பும். பின்னர் இரண்டாம் குறியில் தொடங்கி மீண்டும் நடக்கும்.

2016 ஜூலை 20 அன்று, நிரல் எழுதுவோர் பலரும் நாடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைத் தளம் 34 நிமிஷங்கள் செயலற்றுப்போயிற்று. பதிவு ஒன்றில் சுமார் 20,000 வெற்றிடக் குறிகள் தொடர்ந்து நின்றன. அவற்றுக்குப் பின் வேறு எழுத்துக்கள் இருந்தன. இத்தகைய பொதுவடிவத்தால் அதனைச் சோதிக்க 20,000, 19,999, 19,998 எனக் குறைந்துகொண்டே செல்லும் படிகள் தேவைப்பட்டன. இவற்றின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 20 கோடி. அப்பதிவு முகப்புப் பக்கத்தில் இடம் பெற்றமையால் தளம் முழுவதும் நின்றது. பின்னர்ப் பொதுவடிவத்தை விலக்கி, எளிய வெட்டுமுறையை அமைத்தே இதனைச் சீர்செய்தனர்.

எவ்விடத்து நீக்கலாகாது?

இறுதியில் நிற்பதெல்லாம் வேண்டாதது ஆகிவிடாது. 2.50 மீட்டர் என்னும் அளவில் உள்ள சுன்னம், அளவீடு மீட்டரின் நூற்றில் ஒரு பங்கு வரை துல்லியமானது என்பதை உரைக்கிறது. அதனை நீக்கி 2.5 என எழுதினால், அளந்தவரின் உழைப்பில் ஒரு பகுதி மறைந்துவிடும். கடவுச்சொல்லின் இறுதியில் ஒருவர் வேண்டுமென்றே இடைவெளி இட்டிருக்கலாம். பதிவு செய்யும்போது அதனை ஏற்றுக்கொண்டு, நுழையும்போது மட்டும் நீக்கினால் அவர் தம் கணக்கினுள் புகவே இயலாது. மார்க்டவுன் என்னும் எழுத்துமுறையில் வரியிறுதியில் உள்ள இரண்டு இடைவெளிகள் அவ்விடத்தில் வரி முறிய வேண்டும் எனப் பொருள்படும்.

மேலும், 'வெற்றிடம்' என்பது எல்லா மொழிகளிலும் ஒரே பொருளுடையதன்று. ஜாவா மொழியின் 'டிரிம்' 32க்கு மேற்படாத குறியெண்களை மட்டுமே நீக்கும். 160 அங்கேயே நிற்கும். பைத்தான் 160ஐ நீக்கும். ஆனால் 8203ஐ நீக்காது. எக்செல் மென்பொருளின் 'டிரிம்' 160ஐத் தொடாது. அதே வேளையில் சொற்களின் நடுவே உள்ள மிகுதியான இடைவெளிகளையும் குறைத்துவிடும். கருவியின் பெயரை மட்டும் நம்பாமல், அது எக்குறிகளை நீக்கும் என்பதைத் தெரிந்து உபயோகிக்க வேண்டும்.

இவற்றால் பெறப்படும் நெறிகள் சில. தரவு உள்ளே வரும் வாயிலிலேயே ஒருமுறை தூய்மை செய்க. ஒப்பிடப்படும் இரு பட்டியல்களுக்கும் ஒரே விதியைப் பின்பற்றுக. எக்குறிகளை நீக்குவது என்பதைப் பெயர் சொல்லி எழுதுக. மூலத்தை அழிக்காமல் வைத்திருக்க. எத்தனை வரிகள் மாறின என்பதை எண்ணிப் பார்க்க; அவ்வெண் எதிர்பார்த்ததற்கு மிகுதியாயினும் குறைவாயினும், மேற்செல்லற்க. இவ்வளவையும் செய்தால், முன்னர்க் கூறிய 4172ஆம் எண் மாணவிக்கு உரிய தொகை உரிய காலத்தில் சென்று சேரும்.

பயிற்சி

1. 2500.00 என்னும் சரத்திலிருந்து, சுன்னம், புள்ளி ஆகியவற்றைத் தொகுதியாகக் கொண்டு இறுதிக் குறிகளை நீக்கினால் எஞ்சுவது யாது?

2. ஐந்து இடைவெளிகள் மட்டுமே கொண்ட சரத்தில் மேற்கூறிய ஐந்து படி முறையைச் செயற்படுத்துக. எத்தனை பெட்டிகள் பார்க்கப்படும்? விடையின் நீளம் என்ன?

3. 'உல்ஹாஸ்நகர்' என்பதிலிருந்து 'நகர்' என்பதைத் தொகுதியாகவும் விகுதியாகவும் கொண்டு தனித்தனியே நீக்குக.

விடைகள்: 1. 25 மட்டும் எஞ்சும். 2. ஐந்து பெட்டிகள் பார்க்கப்படும், நீளம் 0. 3. தொகுதியாயின் 'உல்ஹாஸ' என்றும், விகுதியாயின் 'உல்ஹாஸ்' என்றும் வரும்.